சிலுவை வரைக்கும் ஆயில்

நான் போய் வந்த வெளிநாட்டுக்குப் பாஸ்போர்ட் தேவைப்படவில்லை. களியக்காவிளையைத் தாண்டியதும் கடைப் பலகைகளில் எழுத்து உருண்டுகொண்டது, பேருந்துகள் நிறம் மாறின, டீ சாயா ஆகிவிட்டது. அம்பாசமுத்திரத்தில் பிறந்து அம்பாசமுத்திரத்திலேயே வாக்கப்பட்டு, தூரம் என்றால் திருச்செந்தூர் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அதுவே வெளிநாடுதான். தொண்ணூறுகளின் நடுவில், ஒரு லாரியின் கிளீனராக நான் அங்கே போனேன்.

கிளீனர் என்றதும் சிரிக்க வேண்டாம். எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு லாரி. என் வீட்டுக்காரர் சுடலைமுத்துதான் ஓட்டுவார். அறுப்பு முடிந்த கையோடு வைக்கோல் ஏற்றிக்கொண்டு மலையாளக் கரைக்குப் போவார். அங்கே மாடுகள் அதிகம், வைக்கோல் குறைவு. அந்த முறை கிளீனர் மாடசாமி அண்ணனுக்கு அம்மை போட்டுவிட்டது. மாற்று ஆளுக்கு இவர் நாலு இடத்தில் சொல்லியும் எவரும் அகப்படவில்லை.

"நான் வாரேன்" என்றேன்.

"நீயா? எதுக்கு? வைக்கோலுக்கு மேல உக்காந்து கதை சொல்லவா?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும், ஆயில் பாக்கணும், ரிவர்ஸ் எடுக்கையில பின்னால நின்னு கத்தணும். இதுல எது எனக்கு வராது?"

கத்துவது எனக்கு வரும் என்பதை இவர் மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு நடை. வழியில ஏதாவது கோளாறு வந்துதுன்னு வையி, அடுத்த நடைக்கு நீ வீட்டுல." நான் சரி என்றேன். எனக்கு அந்த லாரியின் உயரத்திலிருந்து உலகத்தைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது ஒரு நடையில் தீரும் ஆசை இல்லை என்பது ஆரல்வாய்மொழிக் காற்று முகத்தில் அடித்தபோதே தெரிந்துவிட்டது.

எங்கள் லாரியில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே இருக்கும். டிரைவருக்கும் கிளீனருக்கும் நடுவில் ஒரு பெரிய மூடி, அதன் அடியில் எஞ்சின். நான் அதன்மேல் ஒரு காலை நீட்டி வைத்துக்கொண்டு வந்தேன். பாறசாலை சந்தையைத் தாண்டும்போது கால் சுட்டது. பிறகு என் சேலைக் கொசுவத்தில் கருப்பாக ஏதோ தெறித்தது. அடுத்து மூடியின் இடுக்கு வழியாகப் புகை வந்தது.

வைக்கோல் லாரியில் புகை வந்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. தெருவே திரண்டுவிட்டது. சாயாக்கடையிலிருந்து ஒருவர் பாத்திரம் கழுவும் வாளியோடு ஓடிவந்தார். "தீ வைக்கோலில் இல்லை, எஞ்சினில்" என்று ஒருவர் மலையாளத்தில் சொல்ல, "எஞ்சினில் இருந்தால் வைக்கோலுக்கு வர எவ்வளவு நேரம்?" என்று இன்னொருவர் மலையாளத்திலேயே கேட்டார். எனக்கு மலையாளம் தெரியாது, ஆனால் அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. எங்கள் சோறு, எங்கள் கடன், எங்கள் மானம் எல்லாம் அந்த ஆறு சக்கரங்களுக்கு மேல்தான் இருந்தது.

இவர் மூடியைத் திறந்தார். தீ இல்லை. ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நீளமாக ஒரு கம்பி உண்டு. ஆயில் கேஜ் என்பார்கள். அந்தக் கம்பி ஒரு குழாய்க்குள் இறங்கி எஞ்சினின் அடிவயிறு வரை போகும். அந்தக் குழாய் அடியோடு ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் மூச்சு விடும் போதெல்லாம் ஒடிந்த ஓட்டை வழியாக ஆயில் துப்பி, பக்கத்தில் கொதிக்கும் இரும்பில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது.

இவர் முதலில் குழாயைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். வாய் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

அந்தக் கூட்டத்தில்தான் தோமாச்சன் வந்து சேர்ந்தார். அம்பூரி மலையில் ரப்பர் தோட்டம் போட்டிருக்கிறவர். ரப்பர் ஷீட் விற்க ஜீப்பில் இறங்கி வந்தவர், பாறசாலையிலேயே சகோதரி வீட்டில் தங்கிப் போவாராம். மலையாளமும் தமிழும் அவர் வாயில் ஒரே வாக்கியத்துக்குள் ஏறி இறங்கும்.

"சேச்சி பேடிக்கண்டா, பயப்படாதீங்க. இது ஒரு காரியமே இல்ல. ரப்பர் டியூப் ஒண்ணு போட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிக் கெட்டினா ஜென்மத்துக்கும் போகாதாக்கும்."

அம்பூரிக்காரர்களுக்கு ரப்பரால் ஆகாத காரியம் கிடையாது. ஒழுகும் கூரைக்கு ரப்பர், ஆடும் நாற்காலிக்கு ரப்பர், கதவு அடிக்காமல் இருக்க ரப்பர். ஜீப்பிலிருந்து கெட்டியான டியூப் ஒன்றை வெட்டியெடுத்து, ஒடிந்த இரண்டு முனைகளையும் இணைத்து, கம்பி சுற்றி முறுக்கினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எண்ணெய் பட்டால் ரப்பர் என்ன ஆகும் என்று ரப்பரோடேயே வாழ்கிற அந்த மனிதர் நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

கொல்லயில் என்கிற ஊரில் நாங்கள் வைக்கோல் இறக்க வேண்டிய வீட்டுக்கு இன்னும் கூப்பிடு தூரம்தான். அதற்குள் சூடான ஆயில் குடித்த ரப்பர் ஊறிய அப்பளம் மாதிரி கொழகொழத்து, கம்பியிலிருந்து நழுவிவிட்டது. மறுபடியும் புகை, மறுபடியும் என் சேலை. இவர் எஞ்சினை அணைத்துவிட்டார். தென்னந்தோப்புகளிலிருந்து ஆட்கள் வந்து தள்ளினார்கள். கேட்காமலே வந்தார்கள். எங்கள் ஊரில் என்றால் முதலில் யார் வீட்டு லாரி என்று விசாரித்திருப்போம்.

வைக்கோல் வாங்குகிற தங்கம்மை அக்கா வாசலிலேயே நின்றாள். மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைப்பவள். நல்ல உயரம், அதைவிட உயரமான குரல்.

"வண்டி போனா போவட்டு. ஆளுக்கு ஒண்ணும் இல்லியே? கால் கழுவிட்டு உள்ள வா பிள்ளே. வெள்ளம் குடி."

தந்த தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது, சுடவும் செய்தது. என் சேலை ஆயில்தான் கலந்துவிட்டதோ என்று சொம்பைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். ஏதோ பட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீராம். எங்கள் ஊரில் விருந்தாளிக்குப் பானைத் தண்ணீரைக் குளிரக் குளிரத் தருவோம், இவர்கள் சுடச்சுடத் தருகிறார்கள். இரவுச் சாப்பாடு மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கும் மீன் குழம்பும். குழம்பில் கிடந்த கருப்புப் புளி எனக்கு அதற்குமுன் தெரியாது. கிழங்கைக் குழம்பில் தோய்த்து முதல் வாய் வைத்ததும் லாரி மறந்துவிட்டது. இவர்தான் சாப்பிடும்போதும் எஞ்சினையே மென்றுகொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அக்கம்பக்கத்தார் வைக்கோலை இறக்கினார்கள். மாடுகள் கழுத்தை நீட்டி இறக்கும்போதே இழுத்துத் தின்றன. அதைப் பார்த்துக்கொண்டு இவர் சொன்னார், "சரக்கு சேந்துட்டு. இனி வண்டி வீடு சேரணும்."

குழாய் எங்கே கிடைக்கும் என்று தங்கம்மை அக்காவிடம் கேட்டோம். பொழியூரில் படகு எஞ்சின் பார்க்கும் சேவியர் என்று ஒருவர் உண்டு, பைப்பு வேலைக்கு அவரைவிட்டால் ஆள் கிடையாது என்றாள். இவர் லாரியை விட்டு நகர மாட்டார். ஆகவே உடைந்த குழாயைத் துணியில் சுற்றிக்கொண்டு நானும் அக்காவும் பஸ் ஏறினோம். குழாய் ஒழுகி என் மடியிலும் அக்காவின் மடியிலும் ஆயில் ஆனது. பக்கத்து இருக்கைக்காரி மூக்கைப் பொத்திக்கொண்டு, "மீன் வாடையைவிட மோசம்" என்று மலையாளத்தில் சொன்னாள். அவள் மடியில் மீன் கூடை இருந்தது.

பொழியூர் கடலை நான் மறக்க மாட்டேன். திருச்செந்தூரில் கடல் ஓர் இடத்தில் நிற்கும், நாம் போய்ப் பார்ப்போம். இங்கே அது ஆளைத் தேடி வருகிறது. பாதிச் சுவரோடு ஒரு வீடு, பாதிப் படியோடு இன்னொரு வீடு. சேவியரின் பட்டறையில் முன்பக்கச் சுவரே இல்லை.

"சொவரு எங்க அண்ணே?" என்றேன்.

"கடல் கொண்டுபோச்சு. பின்பக்கச் சொவரு உண்டும். அதுவரைக்கும் சோலி பாப்பேன்" என்றார் சிரித்துக்கொண்டே. கழுத்தில் ஜெபமாலை, காதில் பீடி. உடைந்த குழாயை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் நடுவில் பழைய இரும்புக்கம்பி சுற்றி அழுந்திய தடம் இருந்தது.

"இது நேத்து ஒடிஞ்சதல்ல. இதப் பிடிச்சு நிப்பாட்டுத கிளாம்பு எப்பளோ போயாச்சு. கம்பி வச்சுக் கெட்டியிருக்கானுவ. ஆடி ஆடி ஒடிஞ்சிருக்கு."

எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. "அண்ணே, நாளைக்கு வந்து இத எங்க வீட்டுக்காரருகிட்ட இப்பிடியே சொல்லணும்" என்றேன்.

"நாளைக்குப் பந்த் ஆக்கும் மக்கா. பஸ்ஸு ஓடாது. பரவாயில்ல, நான் சைக்கிள்ல வாறேன்."

பந்த் என்றால் எங்கள் ஊரில் அரைக்கதவு திறந்து வியாபாரம் நடக்கும். அங்கே மறுநாள் ஒரு பெட்டிக்கடைகூடத் திறக்கவில்லை. ரோட்டில் கோழிகள் மட்டும் நடந்தன. பிள்ளைகள் நடுரோட்டில் பந்து ஆடினார்கள். பெரியவர்கள் வேறு வேலை இல்லாததால் எங்கள் லாரியைச் சுற்றி வந்து நின்றார்கள். தோமாச்சனும் வந்திருந்தார். ஜீப்பை எடுக்க முடியாமல் பாறசாலையிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். கையில் ஒரு கேன் ஆயில்.

"ரப்பர் சதிச்சுப்போச்சு சேச்சி" என்றார், சொந்தத் தம்பி குற்றம் செய்துவிட்டதுபோல. "ஜீப்புக்கு வாங்கி வச்ச ஆயிலாக்கும். புதுசு. வச்சுக்கிடுங்க."

சேவியரண்ணன் சைக்கிள் பாரில் ஒரு செம்புக்குழாயைக் கட்டிக்கொண்டு வந்தார். வந்ததும் கிளாம்பு கதையை இவரிடம் அப்படியே சொன்னார். இவர், "மாடசாமி வேலைதான் இது" என்றார் வேறு பக்கம் பார்த்து. அதற்குமேல் நான் எதிர்பார்க்கவில்லை.

செம்பை அப்படியே வளைத்தால் நசுங்கிவிடும். அதனால் பொழியூர் மணலையே குழாயில் அடைத்து இரண்டு பக்கமும் மரக்கட்டை செருகி, முழங்காலில் வைத்து மெதுவாக வளைத்தார். மணலைத் தட்டிக் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றி, நூல் கட்டிய துணியை உள்ளே விட்டு இழுத்தார். துணி சுத்தமாக வரும்வரை இழுத்தார். "ஒரு தரி மணல் எஞ்சினுக்குள்ள போனா கர்த்தர் வந்தாலும் எறங்கி நடக்கணும்" என்றார். ஒரு முனை வெடித்திருந்ததை வெட்டி எறிந்தார். ஒடிந்த பழைய துண்டைத் தட்டி எடுத்துவிட்டு, நூல் சுற்றிப் பசை தடவிப் புதுக்குழாயைத் தட்டி இறக்கினார். புதுக் கிளாம்பும் போட்டார். பார்த்துக்கொண்டிருந்த எல்லாரும் தாங்களே செய்ததுபோல மூச்சுவிட்டார்கள்.

இவர் கேஜைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தார். முகம் மலர்ந்தது. "ஆயில் மேல் கோடு வரைக்கும் இருக்கு. ஊத்தவே வேண்டாம். சாயந்தரம் பந்த் முடிஞ்சதும் கெளம்பிரலாம்."

நான் என் சேலையைப் பார்த்தேன். கருப்பாகிப்போன அதை அக்கா வீட்டுக் கொடியில் போட்டிருந்தேன். பாறசாலை ரோட்டில் கிடந்த ஆயில், தோமாச்சன் வேட்டியில் பட்ட ஆயில், வாசல்வரை சொட்டிக்கொண்டு வந்த கோடு, பஸ்ஸில் எங்கள் மடி. எல்லாம் கண்முன் வந்தது.

"ஏங்க, அவ்வளவும் வெளிய போயிருக்கு. உள்ள எப்பிடி நெறைய இருக்கும்?"

"கேஜ் காட்டுதுல்லா?"

"கேஜ் காட்டும். சிந்துனது பொய்யா?"

"ஏளா, கம்பிய நம்பவா, ஒஞ் சேலைய நம்பவா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. ஆனாலும் விடவில்லை. நாலு பேர் முன்னால் விட்டுக்கொடுக்க நான் என்ன ஊமையா? "சேலையத்தான் நம்பணும். கரியாயிட்டே!" என்றேன்.

சிரிப்பில் சேராத ஒரே ஆள் சேவியரண்ணன். தரையில் கிடந்த பழைய குழாயை எடுத்து, புதுக்குழாயை ஒட்டிப் பிடித்தார். புதுக்குழாய் ஒரு விரற்கடை குட்டை. வெடித்த முனையை வெட்டியதில் போனது அது. குழாய் குட்டையானால் கம்பி அந்த அளவுக்கு ஆழமாக இறங்கும். ஆழமாக இறங்கினால் குறைவாக இருக்கிற ஆயிலும் மேல் கோட்டைத் தொட்டதுபோலக் காட்டும்.

"கர்த்தாவே" என்றார் அவர். "பெரிய பெசகு. தங்கச்சி சொன்னது சரியாக்கும்."

இவர் பழைய குழாயை வாங்கித் தானும் ஒட்டிப் பிடித்துப் பார்த்தார். அப்படியே கிளம்பியிருந்தால் ஆரல்வாய்மொழி தாண்டுவதற்குள் எஞ்சின் இறுகி நின்றிருக்கும். எங்களிடம் இன்னொரு எஞ்சின் வாங்க வக்கில்லை. அதை நினைத்ததும் எனக்கு ஜெயித்த சந்தோஷம் கொஞ்சம்கூட வரவில்லை.

வேறு குழாய் இல்லை, பந்த் நாளில் கடையும் இல்லை. சேவியரண்ணன் ஒரு வழி சொன்னார். "கடல்ல எங்களுக்கு எந்த மீட்டரும் கெடையாது. கேன்ல அளந்து ஊத்துவோம், ஒரு ஈர்க்கை உள்ள விடுவோம், நனஞ்ச எடத்துல நகத்தால கீறுவோம். அந்தக் கேனுக்கு அந்த ஈர்க்குதான் கணக்கு. இதயும் அப்பிடித்தான் செய்யணும். உள்ள உள்ளத முழுக்க எறக்கி, அளந்து ஊத்தி, கம்பில புது அடையாளம் போடணும்."

எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் என்பது இவருக்கு மனப்பாடம். அளக்க ஒரு லிட்டர் பாத்திரம் வேண்டும். அந்த வீட்டில் சரியான லிட்டர் ஒன்றே ஒன்று, நீளக் காம்பு வைத்த பால் அளக்கிற லிட்டர். எல்லார் கண்ணும் அதன்மேல் போனது. தங்கம்மை அக்கா அதை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அது மட்டும் நடக்காது. எனக்க பாலு அளக்கியது ஆக்கும். இதுல கரி ஆயிலா? நாளைக்கு ஒருத்தன் எனக்கிட்ட பால் வாங்குவானா?"

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. யாரும் வற்புறுத்தவில்லை. சேவியரண்ணன் தம்ளரை வைத்துச் சமாளிக்கலாமா என்று யோசித்தார். தோமாச்சன் கேன் மூடியைப் பார்த்தார். அக்கா உள்ளே போனாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள். வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து லிட்டரை என் மடியில் வைத்தாள்.

"கொண்டுபோ பிள்ளே. இனி இது ஒனக்க வண்டிக்கு. நான் வேற வாங்கிக்கிடுதேன். ஆனா ஒண்ணு, இத நீதான் வச்சிருக்கணும். இந்த ஆம்பளையளுக்கு அளவு தெரியாது."

என் கண் கலங்கிவிட்டது. மூன்று நாள் முன்பு இவளை நான் பார்த்ததுகூட இல்லை.

வெந்நீரில் கழுவிய பெரிய சருவத்தில் ஆயிலை இறக்கினோம். பாழாய்ப்போன என் சேலையின் நல்ல பக்கத்தைக் கிழித்து வடிகட்டினோம். அக்காவின் லிட்டரால் நான்தான் அளந்து ஊற்றினேன். தெருவே எண்ணியது, ஒரு பாதி தமிழில், ஒரு பாதி மலையாளத்தில். கணக்கு கால்வாசி குறைந்தது. தோமாச்சனின் புது ஆயில் அந்தக் குறையை அடைத்தது. கொஞ்ச நேரம் பொறுத்துக் கம்பியை விட்டு எடுத்தால், ஆயில் பழைய மேல் கோட்டுக்கு ஒரு விரல் மேலே நின்றது. சேவியரண்ணன் அந்த இடத்தில் அரத்தை வைத்தார். கோடு கிழித்து, அதன் குறுக்கே இன்னொரு கோடும் கிழித்தார்.

"சிலுவையா?" என்றார் சுடலைமாடனைக் கும்பிடுகிற என் வீட்டுக்காரர்.

"எனக்க கைக்கு இதுதான் வரும். எங்க வள்ளத்துல எல்லாம் இப்பிடித்தான்."

இவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துக் குழாய்க்கும் கம்பிக்கும் பூசினார். இரண்டு பக்கமும் பத்திரமானது.

சாயங்காலம் சாயாக்கடை திறந்ததும் எல்லாரும் ஒன்றாகப் பழம்பொரியும் சாயாவும் சாப்பிட்டோம். கிளம்பும்போது அக்கா ஒரு மூட்டை மரச்சீனியை கேபினில் தூக்கிப் போட்டாள். இவர் வழியில் இரண்டு இடத்தில் நிறுத்திக் கேஜ் பார்த்தார். இரண்டு தடவையும் ஆயில் சிலுவையில் நின்றது. புகை இல்லை. வீடு வந்தோம்.

கோளாறு வந்தால் அடுத்த நடைக்கு நான் வீட்டில் என்பதுதானே பேச்சு. கோளாறு வந்ததை மறைக்க முடியாது. அதனால் நானாக எதுவும் கேட்கவில்லை. அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் விட்டு, மாடசாமி அண்ணன் வேலைக்கு வந்தார். அன்று காலை அடுத்த லோடு ஏற்றி நின்ற லாரியில் அவர் கேஜை உருவிப் பார்க்கிற சத்தம் அடுப்படிவரை கேட்டது.

"யாரு தம்பி இது? மேல் கோட்டத் தாண்டி ஊத்தியிருக்கு! கொஞ்சம் எறக்கிரட்டுமா?"

"தொடாதீங்க அண்ணே." இவர் குரல் சட்டென்று உயர்ந்தது. "அந்தக் கணக்கு நமக்குத் தெரியாது. அவளக் கூப்புடுங்க."

சிலுவை எங்கே இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். கிழிக்கும்போது பக்கத்தில் நின்று திருநீறு பூசினவர் இவர்தான். நான் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்படி மாடத்திலிருந்த லிட்டரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். மாடசாமி அண்ணன் ஒன்றும் புரியாமல் கம்பியை என்னிடம் நீட்டினார். துடைத்தேன், விட்டேன், எடுத்தேன்.

"சரியா இருக்கு" என்றேன்.

இவர் என்னைப் பார்க்காமல் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "அப்ப ஏறு. அண்ணே, நீங்க கொஞ்சம் தள்ளி உக்காருங்க."